ராணுவத்துக்குச் சொந்தமான உடம்பும் ஒரு பழைய சுசுகியும்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினேன் என்று சொன்னால் புதுச்சேரியில் இரண்டு விதமான பதில் வருகிறது. முத்தியால்பேட்டை உறவினர்கள், "துப்பாக்கி தூக்கியது போதாதா, இது வேறு எதற்கு?" என்கிறார்கள். பைக் வைத்திருக்கும் பையன்கள், "எத்தனையில் போனீர்கள் அண்ணா?" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நின்று பதில் சொல்லும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்க் குடும்பம். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். இந்தோசீனாவில் இருந்தவர். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால், கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வியர்க்க வியர்க்க நிற்பார். பள்ளி முடித்ததும் நான் பிரான்சுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்ததில் வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

பைக் ஆசை வந்தது அம்மா வழியில். தாய்மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். கோடை விடுமுறை முழுக்க அங்கேதான் கிடப்பேன். ஆர்எக்ஸ் 100-இன் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. செயின் தொய்வை மாமா விரலால் தூக்கிப் பார்ப்பார். அளவுகோல் வைத்து அவர் அளந்து நான் பார்த்ததில்லை. இளவயதில் சோழவரம் பந்தயங்களுக்குப் போய் வந்தவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களைப் பார்க்கக் கடலூரிலிருந்து இரவு பஸ் ஏறிப் போவாராம். "மாப்பிள்ளை, அங்கே ஜெயித்தவன் வண்டியை எவனும் பார்க்கமாட்டான். அவன் பிளக் கலரைத்தான் பார்ப்பான்" என்பார். எரிபொருள் கலவை சரியாக இருக்கிறதா என்பதை பிளக் முனையின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பல ஆண்டுகள் கழித்து பிரான்சில் ஒரு பந்தயக் கூடாரத்தில், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் பிளக்கைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டபோது சிரிப்பு வந்துவிட்டது.

என் படைப்பிரிவு தென் பிரான்சில், நீம் நகருக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு லாரிப் பிரிவில் வேலை. ஆப்பிரிக்காவுக்குப் பணிக்குப் போய் வந்தால் கூடுதல் படி கிடைக்கும். பல மாதம் முகாமுக்குள் அடைந்து கிடந்ததால் செலவு செய்யவும் வழி இருந்திருக்காது. இருபத்து சொச்சம் வயதுப் பையன்கள், கையில் மொத்தமாகப் பணம், இன்னும் பாலைவனத்தை விட்டு வராத மனசு. ஊர் திரும்பிய மாதமே முகாமின் வண்டி நிறுத்துமிடத்தில் புதிய பைக்குகள் வரிசை கட்டி நிற்கும். வடக்கே செவென் மலைச்சாலைகள் இருக்கின்றன. வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். திங்கட்கிழமை காலை அணிவகுப்பில் யாராவது ஒருவன் கையில் கட்டோடு நிற்பான். ஒரு கோடையில் ஒருவன் நிற்கவேயில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கீறல் இல்லாமல் திரும்பியவன் அவன்.

அன்று எங்கள் அட்ஜுதான், அதாவது எங்களை மேய்க்கும் படை அதிகாரி, கத்தவில்லை. கத்துவதற்குப் பெயர் போனவர் அவர். மெதுவாக ஒன்று சொன்னார்: "உங்கள் உடம்பு உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குச் சாப்பாடு போட்டு, பயிற்சி கொடுத்து, ஊசி போட்டு வைத்திருப்பது அரசாங்கம். இரவல் பொருளை எப்படி வைத்துக்கொள்வீர்களோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டுமென்றால் லெதெனோன் பந்தயத் தடத்துக்குப் போங்கள்." தேநீர் நேரத்தில் எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு மட்டும் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு நான் பந்தயத்தில் எடுத்த முடிவுகள் அத்தனையும் இந்தப் பேச்சிலிருந்து வந்தவை. எந்த வண்டி, எந்த வகுப்பு, எப்போது ஓட்டுவது, எப்போது விட்டுவிடுவது, எல்லாமே.

சாலையில் விரட்டுபவனைத் தடத்துக்கு அனுப்புவது பிரான்சில் பழைய வைத்தியம். 1970-களில் பாரிஸ் அருகே ருஞ்ஜிஸ் மொத்தச் சந்தைப் பகுதியின் அகலச் சாலைகளில் இரவில் திருட்டுப் பந்தயம் நடக்கும். நிறையப் பேர் செத்தார்கள். எங்களுக்கென்று ஒரு தடம் வேண்டும் என்று பைக்காரர்கள் போராடி, 1979-இல் பாரிசுக்கு வடக்கே ஒரு தடம் திறக்கப்பட்டது. ருஞ்ஜிஸ் பந்தயத்தில் உயிரிழந்த ஓர் இளம்பெண்ணின் பெயரால் அதைக் கரோல் தடம் என்கிறார்கள். நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பறக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடத்தின் ஞாபகம்தான் வருகிறது.

லெதெனோன் எங்கள் முகாமிலிருந்து கூப்பிடு தூரம். 1973-இல் தொடங்கிய தடம், 3.15 கிலோமீட்டர், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். புதர்க்காட்டுக் குன்றின் மேல் போட்டிருக்கிறார்கள். மேடும் பள்ளமுமான தரை. ஒரு மேட்டைத் தாண்டும் வரை அடுத்த வளைவு கண்ணில் படாது. முதலில் நான் அங்கே போனது ஓட்டுவதற்கு இல்லை, கொடி பிடிப்பதற்கு. பந்தய நாட்களில் வளைவுக்கு வளைவு தன்னார்வலர்கள் நிற்க வேண்டும், அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. இதைக் காசு செலவழிக்கும் முன் செய்துவிடுங்கள் என்று யாருக்கும் சொல்வேன். ஒரே வளைவில் நாள் முழுக்க நின்றால், வேகமாகப் போகிறவன் யார், சத்தமாகப் போகிறவன் யார் என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். வேகமாகப் போகிறவனிடம் அவசரமே தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் தலை திரும்பும், டயர் அதே கோட்டில் போகும். விழுகிறவன் முதல் சுற்றிலிருந்தே ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வருவான். மதியத்துக்குள், "இவன் விழப்போகிறான்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். கொடிகளும் அங்கேதான் மனப்பாடம் ஆயின. மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்குகிறது. நீலம் காட்டினால் பின்னால் உன்னைவிட வேகமானவன் வருகிறான். சிவப்பு என்றால் பந்தயம் நின்றது, மெதுவாகக் கூடாரத்துக்குத் திரும்பு.

பிறகுதான் வண்டி. தோழர்கள் 600 சிசி, 1000 சிசி நான்கு சிலிண்டர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய சுசுகி எஸ்வி 650 வாங்கினேன். 1999-இல் வந்த மாடல், 645 சிசி, இரண்டே சிலிண்டர். பழையது 2,000 யூரோ சுமாருக்குக் கிடைத்தது. முக்கியமான விஷயம், விழுந்தால் உடைகிற பாகங்களெல்லாம் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பந்தய வண்டி வாங்கும்போது வண்டியின் விலையைக் கேட்காதீர்கள். முன்பக்க ஃபோர்க், கைப்பிடி, கால்வைப்பான், ரேடியேட்டர் இந்த நான்கின் விலையைக் கேளுங்கள். இரண்டாம் முறை விழும்போது அழாமல் வாங்க முடிகிற வண்டிதான் உங்கள் வண்டி. குதிரைசக்தி குறைந்த வண்டிக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. வளைவில் செய்த தவறை நேர்பாதையில் முறுக்கி ஈடுகட்ட அது விடாது. வளைவையே ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

சாலை வண்டியைப் பந்தய வண்டியாக்குவது ராணுவத்தான் ரசிக்கக்கூடிய வேலை. கண்ணாடி, விளக்கு, பக்க ஸ்டாண்டு எல்லாம் கழற்றப்படும். ரேடியேட்டரில் உள்ள பச்சை நீரை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் பச்சை நீர் தரையில் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான். எஞ்சின் உடைந்தால் எண்ணெய் தரைக்குப் போகாமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு தொட்டி. முன்பிரேக் நெம்புகோலுக்கு முன்னால் ஒரு காப்பு. பக்கத்தில் உரசுகிறவன் கைப்பிடி உங்கள் பிரேக்கை அழுத்திவிட்டால் நீங்கள் தலைக்கு மேல் பறப்பீர்கள் என்பதற்காக அது. எல்லாவற்றிலும் எரிச்சலான வேலை, எண்ணெய் வடிகால் போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட்டு, அதில் எஃகுக் கம்பியை நுழைத்து முறுக்கிக் கட்டுவது. போல்ட் தானாகக் கழலக் கூடாது. துளை போடும் ஊசி 1.5 மில்லிமீட்டர். ஒரு போல்ட்டுக்குள் எத்தனை ஊசி உடையும் என்று கேட்காதீர்கள். எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைக்க வேண்டும். கம்பியையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கட்டிவிட முடியாது. போல்ட் இறுகும் திசையில் இழுத்துப் பிடிக்கும்படி கட்ட வேண்டும். மாமாவுக்கு இதைப் படம் எடுத்து அனுப்பினேன். "இவ்வளவு செய்கிறவன் விழமாட்டான்" என்று பதில் வந்தது. மாமா சொன்னது முழுக்கச் சரியில்லை என்றாலும் வைத்துக்கொண்டேன்.

பந்தய நாள் காலையில் பரிசோதகர் வருவார். டார்ச்சோடு கீழே குனிந்து கம்பி முடிச்சுகளைப் பார்ப்பார். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவார். ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிவிட்டுக் கையை எடுப்பார். அது டக்கென்று தானாகத் திரும்பி மூட வேண்டும். தயங்கி மெதுவாகத் திரும்பினால் வண்டி வெளியே. சத்தத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். பிறகு ஹெல்மெட், முதுகுக் கவசம், கணுக்கால் மூடிய பூட்ஸ், மணிக்கட்டு மூடிய கையுறை, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த தோல் உடை. வண்டிக்கு எவ்வளவு செலவழித்தேனோ கிட்டத்தட்ட அவ்வளவை உடைக்கும் செலவழித்தேன். நம் ஊரில் ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து பயணம் செய்கிறது என்று சொன்னால் அந்தப் பரிசோதகர் நம்பமாட்டார்.

பந்தய உரிமத்துக்குக் கொடிகள், விதிகள் பற்றிய தேர்வு உண்டு, ஓட்டிக் காட்ட வேண்டும், மருத்துவர் சான்றும் வேண்டும். அது எளிதாக முடிந்தது. கடினமாக இருந்தது என் கைகளை மாற்றுவது. ராணுவம் எனக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தது. துப்பாக்கி, கயிறு, லாரி ஸ்டியரிங், எல்லாமே இறுக்கிப் பிடித்தால்தான் சரி. பைக்கின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் தரையிலிருந்து வாங்கும் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் தோள் வழியாகத் திரும்பி வண்டிக்கே போகிறது. வண்டி ஆடுகிறது, ஆடுவதால் இன்னும் இறுக்குகிறோம். பயிற்சியாளர் ஒரு வைத்தியம் சொன்னார். நேர்பாதையில் போகும்போது கோழி இறக்கை அடிப்பது போல முழங்கைகளை ஆட்ட வேண்டும். ஆட்ட முடிந்தால் பிடி தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். 150 கிலோமீட்டர் வேகத்தில், என் படைப்பிரிவுக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க, இறக்கை அடித்துக்கொண்டு போனேன். உடம்பைத் தாங்க வேண்டியது டாங்கை அணைத்த முழங்கால்களும் வயிறும். கைகளுக்குத் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் மட்டும்தான் வேலை. சுற்றுகள் முடிந்து இறங்கும்போது முன்கை வலித்தால் தவறாக ஓட்டியிருக்கிறீர்கள், தொடை வலித்தால் சரியாக ஓட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது கண். வண்டி நாம் பார்க்கும் இடத்துக்குப் போகும். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் பயத்தில் இருக்கும்போது இது எவ்வளவு கொடுமையான உண்மை என்று தடத்தில்தான் தெரியும். முன்னால் ஒருவன் விழுந்து, தடத்தின் ஓரத்தில் கொட்டியிருக்கும் சரளைக்குள் உருண்டுகொண்டிருப்பான். அவனைப் பார்த்தால் நீங்களும் அங்கேயே போய்ச் சேருவீர்கள். 180 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 50 மீட்டர் போகிறது; "ஐயோ" என்று நினைத்து முடிப்பதற்குள் பாதி மைதானம் கடந்துவிடும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கண் வளைவின் உள்விளிம்புக்குப் போய்விட வேண்டும். உள்விளிம்பைத் தொடுவதற்கு முன்பே வெளியேறும் இடத்துக்குப் போய்விட வேண்டும். லெதெனோனில் மேடுகள் மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பார்க்கப் பழக வேண்டியிருந்தது. வளைவுக்கு அப்பாலுள்ள ஒரு மரத்தின் தலை, ஒரு விளம்பரப் பலகையின் ஓரம், இப்படி அடையாளம் வைத்துக்கொள்வேன். வரைபடம் வாசிக்கப் பழகியது இங்கே கை கொடுத்தது. முகாமுக்குத் திரும்பியதும் தடத்தை ஞாபகத்திலிருந்து தாளில் வரைவேன். வரைய முடியாத வளைவில்தான் நேரத்தை இழக்கிறேன் என்று தெரியும்.

மூன்றாவது, முன்பிரேக். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வண்டி கற்றுக்கொடுக்கிறவர்கள் முதலில் சொல்வது, "முன்பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்". மணல் படிந்த சாலையும் பழைய டிரம் பிரேக்கும் இருந்த காலத்து அறிவுரை. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் பின்பிரேக்கை மிதித்தால் அது வழுக்கத்தான் செய்யும். முன்டயருக்கோ எடை ஏற ஏறப் பிடிப்பு கூடும். ஆகவே நிறுத்துவது முன்பிரேக்தான். ஆனால் வெடுக்கென்று பிடித்தால் எடை வந்து சேரும் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் லேசாக, ஃபோர்க் அமுங்குவதைக் கையில் உணர்ந்த பிறகு அழுத்தமாக, வளைவுக்குள் சாயச் சாய விட்டுவிட்டு. இந்த மூன்றும் ஒன்றரை வினாடிக்குள் நடக்க வேண்டும். பையன்கள் எத்தனையில் போனேன் என்று கேட்கிறார்கள். எங்கே பிரேக் பிடித்தேன் என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை.

என் அறைத்தோழன் ரெயூனியன் தீவுக்காரன். அவன் தாத்தாவின் தாத்தா நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். பெயரில் மட்டும் தமிழ் மிச்சம் இருந்தது. என்னைவிட நன்றாக ஓட்டுவான், 600 சிசி வண்டி. வேன் வாடகையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இருவரும் தடங்களுக்குப் போவோம், வேனிலேயே தூங்குவோம். அம்மா அனுப்பிய பருப்புப் பொடியும் சின்ன ரைஸ் குக்கரும் உடன் வரும். ஜெனரேட்டரில் சோறு வைத்தால் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். ஒரு இளவேனில் காலத்தில், ஆப்பிரிக்கப் பணிக்குப் புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போது, அலேஸ் தடத்தில் ஒரு பயிற்சி நாளுக்குக் கூப்பிட்டான். நான் வரவில்லை என்றேன். பணிக்கு இரண்டு மாதம் முன்பு வண்டியை மூடி வைத்துவிடுவது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி. அவன் சிரித்துவிட்டுப் போனான். மிஸ்திரால் என்கிற வடகாற்று அடிக்கும் குளிர்ந்த காலை. டயர் சூடேறும் முன் இரண்டாவது சுற்றிலேயே பின்சக்கரம் வழுக்கி, சட்டென்று பிடித்து, வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. பைக்காரர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு அது, சில வாரத்தில் கூடிவிடும். ஆனால் அந்தச் சில வாரம்தான் கையில் இல்லை.

பணிக்குப் போகும் பட்டியலில் ஒரு இடம் காலியாக இருக்க முடியாது. அவனுக்குப் பதில் வேறொருவன் போனான். அவன் மனைவி நிறைமாதம். குழந்தை பிறந்ததை அவன் தொலைபேசியில்தான் கேட்டான். யாரும் என் தோழனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பல மாதம் அவன் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்தான், அவ்வளவுதான். அட்ஜுதான் சொன்ன இரவல் கணக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது அப்போதுதான்.

ராணுவத்தில் இருந்துகொண்டு, அல்லது நீங்கள் விழுந்தால் இன்னொருவர் தலையில் விடியும் எந்த வேலையில் இருந்துகொண்டும், இதைத் தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பணிநேரத்துக்கு வெளியே பந்தயத்தில் பட்ட காயம் பணிக் காயமாகக் கணக்கில் வராது. உரிமத்தோடு வரும் காப்பீடு பெரும்பாலும் நீங்கள் மற்றவருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு. உங்கள் எலும்புக்குத் தனியாக எடுங்கள், அதில் மோட்டார் பந்தயம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். மேலதிகாரியிடம் மறைக்காதீர்கள். எங்கள் கேப்டனிடம் பந்தய நாட்காட்டியையே கொடுத்துவிடுவேன். அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் வாரங்களை அவரே அதில் அடித்துத் தருவார். விடுமுறையும் ஒரு செலவுதான். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும் விடுமுறையைப் பந்தயத்துக்குப் பிய்த்துக் கொடுத்தால் அம்மா பேசமாட்டார். ஒரு ஜோடி பந்தய டயர் 300 யூரோ சுமார் ஆகும், அது சீக்கிரம் தேயும். மாதச் செலவை டயரிலிருந்து தொடங்கி எழுதுங்கள். இவ்வளவுக்கும் மேல் மிச்சம் இருந்தால் ஓட்டுங்கள்.

பிரான்சில் தொழில்முறை அல்லாதவர்களுக்கு புரோமோஸ்போர் என்ற கோப்பைத் தொடர் இருக்கிறது, நல்ல நல்ல பந்தய வீரர்கள் அங்கிருந்து மேலே போயிருக்கிறார்கள். நான் அதற்குக் கீழே, மன்றங்கள் நடத்தும் சிறு பந்தயங்களோடு நின்றுகொண்டேன். முதல் பந்தயத்தில் கடைசி வரிசையில் நின்றேன். விளக்கு அணைந்ததும் முப்பது வண்டி ஒரே வளைவுக்குள் நுழையப் பார்க்கும். அந்தச் சத்தத்தில் உங்கள் எஞ்சின் சத்தம் உங்களுக்கே கேட்காது, எந்த கியரில் இருக்கிறோம் என்று காலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சுற்றில் யாரையும் முந்துவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தேன். முதல் சுற்றில்தான் டயர் ஆறியிருக்கும், ரத்தம் கொதித்திருக்கும். இரண்டாம் சுற்றில் எனக்கு முன்னால் போன இருவர் ஒருவரை ஒருவர் சரளைக்குள் தள்ளிக்கொண்டார்கள். மஞ்சள் கொடி. அதற்குப் பிறகு நடந்ததில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஓட்டினேன், முடித்தேன். எனக்குப் பின்னாலும் சிலர் வந்தார்கள் என்பதை ஊருக்குப் போன் செய்தபோது சொல்லத் தவறவில்லை. பிறகு வந்த ஆண்டுகளிலும் கோப்பை என்று எதுவும் வீட்டுக்கு வரவில்லை. பணிப் பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு நாளும் கோடு விழவில்லை.

ஓய்வு பெற்று இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு விடியலில் சென்னைப் பக்கமிருந்து பெரிய பைக்குகள் வருகின்றன. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் சாலை நேராக இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய தூரம் காலி. அங்கேதான் முறுக்குகிறார்கள். அதே சாலையில் காலாப்பட்டுப் பக்கம் மீன்கூடையோடு பெண்கள் குறுக்கே நடப்பார்கள், ஆடு ஓடும், எதிர்த்திசையில் விளக்கு போடாத டிவிஎஸ் 50 வரும். தடத்தில் நான் விழுந்தால் சரளை ஏந்திக்கொள்ளும், சில நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வரும், எதிரே யாரும் வரமாட்டார்கள். இது எதுவும் இல்லாத இடத்தில் ஓட்டுகிறவனைத் துணிச்சல்காரன் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

தடம் நமக்குத் தூரமும் இல்லை. திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை. 1990-இலிருந்து அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் இருக்கிறது. சோழவரத்தில் பந்தயம் நடத்தியவர்களும் அவர்களே. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற தடம் உண்டு. தேசியப் போட்டிகள் நடக்கின்றன; எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டியை நிறுவனமே கொடுத்து நடத்தும் பந்தயங்களும் இருக்கின்றன. சொந்த வண்டி உடையும் பயம் இல்லாமல் தொடங்க அது நல்ல வழி. பயிற்சிப் பள்ளிகள் தடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் நாட்களில் நம் சொந்த வண்டியையும் கொண்டுபோகலாம். 150, 200 சிசி போதும். ஏப்ரல், மே மாதம் வேண்டாம். தோல் உடைக்குள் நீங்கள் வெந்துவிடுவீர்கள், களைப்பில் கண் தடத்தை விட்டு முன்டயருக்கு வந்துவிடும்.

தங்கை மகன் 200 சிசி வண்டி வைத்திருக்கிறான். அழைத்துப் போங்கள் மாமா என்று நச்சரித்தான். முதலில் இதைச் செய் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத ஒரு மைதானத்து ஓரத் தார்ப்பாதைக்குக் கூட்டிப்போனேன். சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடித்து நிறுத்தச் சொன்னேன். பழகப் பழக ஐந்து மீட்டர் சுமாரில் நின்றான். இப்போது 60-இல் வா, எங்கே நிற்பாய் என்று நீயே ஒரு கோடு போடு என்றேன். வேகம் இரண்டு மடங்கு, ஆகவே பத்து மீட்டரில் கோடு போட்டான், தாராளமாக இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்துக்கொண்டான். வந்தான், பிடித்தான், தன் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். அடி வைத்து அளந்தால் இருபது மீட்டருக்கு மேல். வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறான். இறங்கி வந்து முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிரேக் ஷூ தேய்ந்துவிட்டதா மாமா?" என்றான். வண்டியில் இருப்பது டிஸ்க் பிரேக்.

இன்னும் சில ஞாயிறுகள் இதே கோட்டில் நிற்கட்டும். மழைக்காலத்துக்கு முன் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மாவிடம் யார் பேசுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.